ஓரத்துக் கீறல்

வைரத்தை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்க்க வேண்டும் ஐயா. மேலிருந்து பார்த்தால் ஜொலிப்பு கண்ணை ஏமாற்றிவிடும். கவிழ்த்தால்தான் கல்லின் மஞ்சள் தெரியும். நான் கல் பதிப்பவன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லித்தருவேன்.

மோதிரத்துக்குக் கல் வாங்க வந்த அந்தத் தங்கச்சிக்கும் சொன்னேன். அவள் தேர்ந்தெடுத்த கல்லின் ஓரத்தில் இறகு போல ஒரு கீறல். மறைக்காமல் லென்ஸில் காட்டினேன்.

"இருக்கட்டும்ணே. குறை இருந்தாத்தானே என் கல்லுன்னு அடையாளம் தெரியும்" என்று சிரித்தாள். கிளம்பும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். மனைவி போய் ஆறு வருடம். அதன்பின் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

மோதிரத்தில் கல்லைக் கவ்வ நான்கு கம்பிகள் உண்டு. நான்காவதை மயிரிழை தளர்த்தி வைத்தேன். மாதம் ஒருமுறை கல் ஆடும், அவள் வருவாள். "இந்தக் கல்லுக்கு உங்களைப் பாக்காம இருப்புக் கொள்ளலண்ணே" என்பாள். பேசிக்கொண்டே இறுக்குவேன். கொடுக்கும்முன் மறுபடி சற்றே தளர்த்துவேன். கூலி வாங்கியதில்லை.

ஒருநாள் அவள் போனபின் நாற்காலியடியில் கல் கிடந்தது. மறுநாள் கொடுக்கலாம் என்றுதான் எடுத்து வைத்தேன்.

மறுநாள் அழுதுகொண்டு வந்தாள். வீட்டில் சமையல்காரம்மாவைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டார்களாம். "அவங்க எடுக்க மாட்டாங்கண்ணே. என் பிள்ளைய வளத்தவங்க. நான் சொல்றத வீட்டுல யாருமே காதுல வாங்கல."

நான் வாங்கினேன். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் இருந்தாள். அதன்பின் தினமும் வந்தாள். மனம்விட்டு அழ அவளுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

பதினேழாம் நாள் சமையல்காரம்மா சிறையிலேயே இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். தங்கச்சி ஒரே ஒரு முறை வந்து, வெறும் மோதிரத்தை மேசையில் வைத்தாள்.

"இது இனிமே வேண்டாம்ணே. கல்லு ஆடலேன்னாலும் நான் வந்திருப்பேன். உங்களுக்குப் பேச ஆளில்லன்னு தெரியும்."

பிறகு அவள் வரவில்லை. இன்றோடு ஐந்து நாள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கல் இந்தத் தாளில் இருக்கிறது. லென்ஸில் பாருங்கள், ஓரத்தில் அதே கீறல். தளர்த்தியது நான். ஒளித்ததும் நான். அந்தம்மா சாகும்வரை வாய் திறக்காதவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. கல்லைப் பதிக்க அவளை என்னிடமே அனுப்புங்கள். வேறு யார் கை வைத்தாலும் அது நிற்காது.