கையால் சீவிய பித்தளைக் கூடுகள்

பிள்ளைகளே, கிரான்பர்ன் ரயிலில் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். எனக்கு முன்னால் இருந்த பெண் சொன்னார்: "பென்சில் சீவுற மாதிரித்தான் நான் தோட்டாக்கூடு சீவுறனான். அதில என்ன வெட்கம்?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் விரல் நீளத்தில், கையால் திருகி வெட்டுகிற ஒரு சின்னக் கருவி. பக்கத்தில் அவருடைய கணவரின் தம்பி. இருவரும் ஒரே துப்பாக்கி சுடும் கிளப்பில், ஒரே அணியில் இருக்கிறார்களாம். சுட்ட பித்தளைக் கூடு கொஞ்சம் நீண்டுவிடுமாம். அளவாக வெட்டி, விளிம்பில் நிற்கிற பிசிறை எடுத்தால்தான் திரும்ப வெடிமருந்து நிரப்பலாமாம்.

"அண்ணி, இந்த மலிவுச் சாமானோட சனிக்கிழமை போட்டிக்கு வந்து எங்கட ரீமைக் கெடுக்காதேங்கோ. நான் மெஷினில வெட்டி நிரப்பினதைத் தாறன், அதைச் சுடுங்கோ."

"மற்ற ஆக்கள் நிரப்பினதை என்ர துவக்கில போடமாட்டன். கிளப்பில சேர்ந்த முதல் நாளே உங்களுக்கும் அதைத்தானே சொன்னவை?"

"நான் என்ன, பிறத்தியாளோ?"

"போன கிழமை அளக்காமல் மெஷின் பட்டனை அமத்தி நாற்பது கூட்டைக் கட்டையாக்கினது ஆர்? நான் ஒவ்வொண்டையும் அளந்துதான் வெட்டுறன். உள்ளுக்கும் வெளியிலயும் பிசிறு எடுக்கிறன். கை நோகும், அவ்வளவுதான்."

தம்பியின் முகம் கறுத்தது. "ரீமுக்கு நான்தான் கப்டன். உங்கட பேரை எடுத்துப்போடுவன்."

"எடுங்கோ." அந்தப் பெண் கருவியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு இறங்க எழும்பினார். "தனியாளாப் பதிஞ்சு, உங்களுக்குப் பக்கத்து மேசையிலயே இருந்து சுடுவன். ஆரின்ர குண்டு எங்க போகுதெண்டு முழுக் கிளப்பும் பாக்கட்டும்."