கூப்பாட்டுக் கல்

கத்தரிக்கா நறுக்குத கை நறுக்கட்டும், காது மட்டும் இங்கன இருக்கட்டும். நாளைக்குக் கோயில்ல அசனம். ஊருக்கே சோறு பொங்கணும். ஒரு மூட்டை காயி இன்னும் அப்படியே கெடக்கு. ஆனா மாப்பிள்ள ஒரு கேள்வி கேட்டுட்டாவ. மதுரைக்காரவ, நம்ம கனகமணி மகளக் கெட்டி மூணு வாரந்தான் ஆவுது, கேக்கத்தான் செய்வாவ. போன ஞாயித்துக்கெழமை எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணும்போது, நம்ம தங்கையா மட்டும் கோயில் வாசக்கல்லுல உக்காந்து, கண்ண முழிச்சு, வெளியவே பாத்துக்கிட்டு இருந்தானாம். அவனுக்கு ஆண்டவர்மேல பயமில்லையான்னு கேக்காவ.

மாப்பிள்ள, அவன் கண்ண முழிச்சிருந்தது ஒமக்கு எப்படித் தெரிஞ்சுது? சரி சரி, யாரும் சிரிக்காதிய. புது மாப்பிள்ள, விட்டுருவோம்.

தங்கையா மேல தப்பு இல்ல. போன வாரம் அவன் முறை. நாளைக்கு என் முறை. அந்த முறை எப்படி வந்துச்சுன்னு சொல்லுதேன். எங்க வீட்டுக் கதைதான். ஆனா எங்க வீட்டுல இதப் பெருமையா யாரும் சொன்னதில்ல. தலையக் குனிஞ்சிக்கிட்டுத்தான் சொல்லுவாவ. நானும் அப்படித்தான் சொல்லணும்.

நம்ம கோயிலு ஓலைக் கோயிலா இருந்த காலம் அது. இந்தக் கருக்குவிளையில வீடுன்னு பாத்தா நாப்பது. மிச்சமெல்லாம் பனையும் செம்மணல் குவிஞ்ச தேரியுந்தான். அந்த ஊர்ல மாசிலாமணின்னு ஒரு உபதேசியார் இருந்தாவளாம். எங்க தாத்தாவுக்குத் தாத்தா. சபைப் பாதிரியாரா இருந்த ஐயர் மூணு மாசத்துக்கு ஒருக்க மாட்டு வண்டியில வருவாராம். மத்த நாளெல்லாம் உபதேசியார்தான் பிரசங்கம், உபதேசியார்தான் ஜெபம். வார நாள்ல பனையும் ஏறுவாவ.

எதச் செஞ்சாலும் முழு மனசோட செய்வாவளாம். பனையில கை வைக்கும் முன்ன முழங்கால் போடுவாவ. பாளை சீவும்போது பாட்டுப் படிப்பாவ. ஒரு நாள் ஜெபம் பண்ணாம கஞ்சியில வாய வச்சதில்லையாம். அப்பேர்ப்பட்ட ஆளு. அவிய ஊருக்கு ஒரு சட்டம் போட்டாவ. ஞாயித்துக்கெழமை ஒருத்தனும் பனை ஏறக்கூடாது. ஓய்வுநாள் ஆண்டவருக்கு. கலயம் நெறஞ்சு வழிஞ்சாலும் சரி, பாளை காஞ்சாலும் சரி, ஏறக்கூடாது. ஊரும் முழு மனசோட சரின்னு கேட்டுச்சு.

அந்த ஊர்லயே குருபாதம்னு ஒரு பையன். பையன் என்ன, கல்யாணம் ஆன ஆளுதான். அவனுக்குப் பனையேத்தம் பழக்கினது மாசிலாமணிதானாம். அதனால அவியள யண்ணே யண்ணேன்னு சுத்தி வருவானாம். அவன் பொண்டாட்டி சொர்ணம் அப்போ மாசமா இருந்தா. எதத் தின்னாலும் ஒக்காலிச்சிட்டு வந்துருமாம். சோறு நிக்கல, கஞ்சி நிக்கல. புதுப் பதனி மட்டுந்தான் வயித்துல நின்னுச்சு. தெனமும் காலம்பற எறக்கின பதனிய ஓலைப்பட்டையில ஊத்திக் குடுப்பான். குடிப்பா. அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

ஞாயித்துக்கெழமை என்ன செய்ய? சனிக்கெழமை பதனி மறுநாள் புளிச்சிரும். ஞாயித்துக்கெழமை தோறும் சொர்ணம் பட்டினி. வயித்துப் பிள்ளையும் பட்டினி.

ஒரு சனிக்கெழமை குருபாதம் வந்து கேட்டானாம். "யண்ணே, நாளைக்கு ஒரே ஒரு மரம் ஏறிக்கிடட்டா? அவ கெறங்கிக் கெடக்கா."

மாசிலாமணி என்ன சொன்னாவ? "நாளைக்கு ஒரு மரம்னு தொடங்குவ. அடுத்த வாரம் ஊரே ஏறும். ஆண்டவர் அவளப் பாத்துக்கிடுவாரு, நீ போ."

போன்னு சொல்லியாச்சு. அவனும் போயிட்டான்.

மறுநாள் ஆராதனை. கோயிலுக்குள்ள அறுவது பேரு. குருபாதத்தக் காணோம். சொர்ணத்துக்கு முடியல போலன்னு நெனச்சாவ. பிரசங்கம் முடிஞ்சு, ஜெபம் தொடங்கிட்டு. மாசிலாமணி முழங்கால்ல நின்னு, ரெண்டு கையையும் ஏந்தி, கண்ணுல தண்ணி வழிய ஜெபம் பண்ணுதாவ. "ஆண்டவரே, எங்க கூப்பிடுதலக் கேளும். நாங்க கூப்பிடும்போது ஒம்ம காத அடைச்சுக்கிடாதேயும்."

அப்போ வெளியே தொப்புன்னு ஒரு சத்தம். கோயிலுக்கும் அந்தப் பனைக்கும் நூறு அடி இருக்காது.

பொறவு, "யண்ணே!"

காதுல விழாம இருக்குமா? விழுந்துச்சு. அது குருபாதம் சத்தம்னு மாசிலாமணிக்குத் தெரிஞ்சுது. ஏறாதன்னு சொல்லியும் ஏறியிருக்கான்னு தெரிஞ்சுது. கோவம் வந்துட்டு. ஓய்வுநாள்லயா ஏறுத, கெட, ஜெபம் முடியட்டும்னு ஒரு கோவம். அப்போ அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? தன் சத்தத்தக் கூட்டுனாவ. அந்தச் சத்தத்த அமுக்கணும்னு கூட்டுனாவ.

"யண்ணே!"

"எங்க கூப்பிடுதலக் கேளும், ஆண்டவரே!"

"யண்ணே..."

"கேளும், ஆண்டவரே, கேளும்!"

பொறவு வெளியே சத்தமில்ல.

உள்ள இருந்த அறுவது பேரும் கேட்டிருக்காவ. பிற்பாடு ஒவ்வொருத்தரா ஒத்துக்கிட்டாவ. ஒருத்தி, "நானும் கேட்டேன், எல்லாரும் கண்ண மூடியிருக்கையில நான் மட்டும் எப்படி முழிக்க"ன்னாளாம். ஒருத்தன், "உபதேசியாரே எந்திரிக்கல, நான் எந்திரிச்சா என்ன நெனப்பாவ"ன்னானாம். ஒருத்தரும் எந்திரிக்கல. ஜெபம் முடிஞ்சு, ஆமென் சொல்லி, பாட்டும் ஒண்ணு படிச்சிட்டுத்தான் வெளியே வந்தாவளாம். அந்தப் பாட்டத்தான் என்னால பொறுக்க முடியல. ஜெபத்தோடயாவது வந்திருக்கலாமே.

பனைமூட்டுல ஒரு கல்லு கெடந்துச்சு. ஏறுததுக்குக் காலு வைக்கிற கல்லு. அதுலதான் தல அடிச்சிருக்கு. கலயம் ஒடஞ்சு, பதனிய மணலு குடிச்சிட்டு. ஆனா உசுரு இருந்துச்சு. மாசிலாமணி ஓடிப் போயி அவன் தலைய மடியில எடுத்து வச்சாவ. குருபாதம் கண்ணத் தொறந்து பாத்தான். பாத்துட்டு அவன் என்ன கேட்டான் தெரியுமா?

"ஜெபம் முடிஞ்சிட்டா யண்ணே? நான் கத்தி... ஜெபத்தக் கெடுத்துட்டேன்."

ஏன் வரலன்னு கேக்கல. ஏசல. ஜெபத்தக் கெடுத்துட்டேன்னு வருத்தப்பட்டான். கட்டிலு கொண்டு வரதுக்குள்ள உசுரு போயிட்டாம்.

கனகமணி, நீ ஏன் கத்திய கீழ வச்சிட்ட? நறுக்கு. நானும் சொல்லியே ஆவணும்.

ஊர்ல நாலு பேரு, ஓய்வுநாள மீறுனவனக் கோயில் கல்லறைத் தோட்டத்துல வைக்கலாமான்னு பேசுனாவளாம். மாசிலாமணி மம்பட்டிய எடுத்துக்கிட்டு போயி, அந்தத் தோட்டத்துலயே தானே குழி வெட்டுனாவ. மூணாம் நாளு சொர்ணம் வீட்டு வாசலுக்குப் போனாவ. அவ உள்ள சுவத்துல சாஞ்சு இருந்தா. இவிய முத்தத்துலயே நின்னாவ.

"என்ன மன்னிச்சிரு தாயி"ன்னாவ.

அவ கேட்டா, "அவிய கூப்புட்டது ஒமக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

"அப்போ நீரு என்னன்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தீரு?"

பொய் சொல்லலாம். வேற ஒரு ஜெபத்தச் சொல்லலாம். யாருக்குத் தெரியும்? ஆனா சொன்னாவ. "எங்க கூப்பிடுதலக் கேளும் ஆண்டவரேன்னு."

சொர்ணம் சுவத்துல இருந்து நிமிந்து உக்காந்தாளாம். பொறவு சொன்னாளாம். "ஒம்ம மன்னிக்க எனக்கு இப்போ மனசு இல்ல. பொய்யா மன்னிச்சேன்னு சொல்லவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் செய்யும். இனிமே ஜெபத்துல நீரு கண்ண மூடாதேயும். உள்ள இருக்காதேயும். வாசல்ல இருந்து, யாரு கூப்புடுதாவன்னு பாரும்."

அடுத்த ஞாயித்துக்கெழமை ஊரே ஒரு காட்சிய பாத்துச்சு. விடிஞ்சும் விடியாம மாசிலாமணி, குருபாதம் விழுந்த அதே பனையில நிக்காவ. சட்டம் போட்ட ஆளே பனையில நிக்காவ. பதனிய எறக்கி, சொர்ணம் வீட்டு நடையில வச்சிட்டு வந்தாவ. பொறவு அந்தப் பனைமூட்டுக் கல்லப் பெரட்டிப் பெரட்டி, ஒத்தையில தள்ளிக்கிட்டு வந்து, கோயில் வாசல்ல போட்டு, முதுக கோயிலுக்கும் மொகத்தத் தெருவுக்கும் காட்டி உக்காந்துட்டாவ.

மூணு மாசங் கழிச்சு ஐயர் வந்தாரு. ஊரு பூரா போயி முறையிட்டுருக்கு.

"என்ன உபதேசியாரே, ஓய்வுநாள்ல பனை ஏறுதீராமே? ஜெபத்துல கண்ண மூட மாட்டேங்கீராமே?"

"ஆமா ஐயரே."

"உம்ம மாதிரி முழு மனசா ஜெபம் பண்ணுத ஆளே இப்படிச் செய்யலாமா?"

"மனசு முழுசா இருந்துச்சு ஐயரே. காது இல்லாம இருந்துச்சு. இப்போ காதோட ஜெபம் பண்ணுதேன்."

ஐயர் உபதேசியார் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. மாசிலாமணியும் அதுதான் சரின்னாவளாம்.

இருவத்திரெண்டு வருசம். மழையிலயும் அந்தக் கல்லுதான், வெயில்லயும் அந்தக் கல்லுதான். எத்தனையோ தடவை ஜெபத்து மத்தியில எந்திரிச்சு ஓடியிருக்காவளாம். ஒரு தடவை வழிப்போக்கன் ஒருத்தன் தண்ணி கேட்டான்னு ஓடுனாவ. ஒரு தடவை ஆடு கிணத்துல விழுந்துட்டுன்னு ஓடி, ஆட்டத் தோள்ல போட்டுக்கிட்டு ஆராதனைக்குத் திரும்பி வந்தாவளாம். சிரிங்க, அப்பவும் சிரிச்சிருக்காவ. சொர்ணத்துக்குப் பொட்டப்புள்ள பொறந்து, அந்தப் புள்ள வளந்து, கல்யாணமும் ஆயிட்டு. பதனி காலத்துல ஞாயித்துக்கெழமை தோறும் பதனி மட்டும் நடைக்கு வரும். அவ எடுத்துக்கிடுவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. கோயிலுக்கு வந்தாலும், அந்தக் கல்லத் தாண்டி உள்ள போவா, அவிய மொகத்தப் பாக்க மாட்டா.

ஒரு பங்குனி மாசம் மாசிலாமணி காலமாயிட்டாவ. வீட்டுக் கட்டில்லதான். ஆனா ரெண்டு கண்ணும் தொறந்தே இருந்துச்சாம். மகன் மூடப் போனானாம், பாதியில கைய எடுத்துட்டானாம். மூடாதன்னு சொன்னவ உசுரோட இருக்கா, நாம எப்படி மூடன்னு ஊரே தயங்கி நின்னுச்சு.

அப்போ சொர்ணம் வந்தா. கூட்டம் வழி விட்டுச்சு. பக்கத்துல உக்காந்தா. இருவத்திரெண்டு வருசத்துல மொத தடவையா அந்த மொகத்தப் பாத்தா. கைய வச்சு ரெண்டு கண்ணையும் மூடினா.

"போதும் யண்ணே. இனி மூடிக்கிடும்."

அவ புருசன் கூப்புட்ட அதே வார்த்தை. யண்ணேன்னு.

அடுத்த ஞாயித்துக்கெழமை அந்தக் கல்லுல யாரு இருந்தா தெரியுமா? சொர்ணந்தான். அவளுக்குப் பொறவு அவ மக. அதுக்குப் பொறவு வீட்டுக்கு ஒரு வாரம்னு முறை வந்துச்சு. ஓலைக் கோயில் போயி கல்லுக் கோயில் வந்துட்டு. மொசைக் போடும்போது அந்தக் கல்ல எடுத்துருவோம்னு சொன்னவங்களும் உண்டு. எடுக்க யாரும் கை வைக்கல. கூப்பாட்டுக் கல்லுன்னு பேரு. ஊருக்குள்ள பேரு தெரியாதவன் இல்ல.

இதச் சொல்லுதேனே, நான் யோக்கியமான்னு கேளுங்க. போன மாசம் எங்க வீட்டுல குடும்ப ஜெபம். பக்கத்து வீட்டு ஆபிரகாம் சுவத்தத் தட்டிக் கூப்புட்டான். நான் கேட்டேன். கேட்டுட்டு, இந்த ஜெபத்த முடிச்சிட்டுப் போவோம்னு இருந்துட்டேன். முடிச்சிட்டுப் போனா, மாத்திரை கீழ விழுந்துட்டு, குனிய முடியல, எடுத்துத் தாரும்னான். அவ்வளவுதான். ஒண்ணும் ஆவல. ஆனா மாசிலாமணி ரத்தந்தான இந்த ஒடம்புலயும் ஓடுது. இத ஒருத்தருகிட்டயும் இதுவரைக்கும் சொல்லல. இன்னைக்குச் சொல்லிட்டேன்.

சரி, கத்தரிக்காய தண்ணியில போடுங்க, கறுத்துரும். மாப்பிள்ள, நாளைக்கு அசன ஜெபம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். நீரு தைரியமா கண்ண மூடிக்கிடும். வாசல்ல நான் இருக்கேன்.