இரண்டு நனோகிராம்

கடற்கரை மீன் வாடியில் நல்ல ஐஸ் வாங்க வேண்டுமாயின் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு செல்ல வேண்டும், டொக்டர் ஐயா. மச்சான் மீராசாவின் இரத்தப் போத்தலை அந்த ஐஸில் புதைத்து, மூன்று மாதத்துக்கொரு தடவை கொழும்புப் பரிசோதனைக்கூடத்துக்கு பஸ்ஸில் நானே கொண்டு சென்றேன்.

பெருங்குடற் புற்றுநோய் இரத்தத்தினுள் ஒருவகைப் புரதத்தை விடுகின்றது. நோய் வளரின் அதன் அளவு உயரும். வெட்டி அகற்றின் தாழும். இதனை முப்பத்தாறாம் வயதில், உங்கள் மருந்துச்சாலையில் போத்தல் கழுவிக்கொண்டே ஒரு பாடநூலில் கற்றேன். சத்திரசிகிச்சைக்கு முன் மச்சானுக்கு முப்பத்தெட்டு நனோகிராம், பின்னர் இரண்டு.

அந்த இரண்டுக்காக மச்சானின் மனைவி, என் ராத்தா றம்லா கந்தூரி கொடுத்தார். கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையே வந்து சாப்பிட்டது. சோறு ஆறும்வரை நான் எழுந்து நின்று புரதத்தை விளக்கினேன்.

"காலிதீன், நீ போத்தல் கழுவுற ஆளில்லடா, டாக்குத்தர்" என்றார் அதாவுல்லா ஹாஜியார்.

நோய் இனித் திரும்பாது என்றும் கூறினேன். அவ்வாக்கியம் மட்டும் புத்தகத்தில் இல்லாதது.

அடுத்த பரிசோதனைத் தாளில் பதினான்கு இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரைக்கும் வீட்டுக்குமாக மும்முறை நடந்தேன். பரிசோதனைக்கூட இயந்திரத்தைச் சோதிப்பதே விஞ்ஞான முறையாகும். ஆகவே என் கையில் ஊசி குத்தி, எனது இரத்தத்தை அவருடைய பெயரில் அனுப்பினேன். இரண்டு. அந்தத் தாளையே உங்களிடம் தந்தேன். பதினான்கைப் பாடநூலினுள் வைத்தேன்.

பின்னர் மூன்று தடவையும் என் இரத்தமே சென்றது.

"ரெண்டெண்டா ஏன் மச்சான், என்ட வயிறு இப்பிடிக் கிடந்து இழுக்குது?" என்று மீராசா கேட்டார்.

"அது வெட்டின தழும்பு மச்சான். தாள் பொய் சொல்லுமா?"

"ஓம், நீ படிச்ச ஆள்" என்று சிரித்தார். அந்தத் தைரியத்தில் முப்பது நோன்பும் பிடித்தார். பெருநாள் சட்டை அவருடைய தோளில் நிற்கவில்லை.

நோய் ஈரலுக்குப் பரவி ஒற்றைக் கட்டியாக இருக்கையிலேயே தெரிந்திருந்தால் வெட்டிப் பார்த்திருக்கலாம் என்று நேற்று மச்சானின் மையத்து வீட்டில் கூறினீர்கள். அறிவேன். பாடநூலில் அவ்வரியின் கீழ் நானே கோடிட்டிருக்கிறேன். இயந்திரம் பிழையன்று என்பதையும் தாளைக் கண்ட அன்றே அறிவேன். கந்தூரியில் சோறுண்டவர்களிடம் அதனை எவ்வாறு கூறுவது?

நாளை மச்சானுக்காகக் கத்தம் ஓதியபின் அவர்கள் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். சிலரில் இந்நோய் புரதத்தை உயர்த்தாமலே வளரும். அதுவும் புத்தகத்தில் உண்டு, ஐயா. நான் விளக்கும்போது நீங்கள் இடையில் பேசாதிருந்தால் போதும்.