குறைந்த காசோடு உட்காருகிறவன்

எலுமிச்சை போட்ட தேநீர் நன்றாக இருக்கிறது, கலீனா பெத்ரோவ்னா. என் பிழைப்பு என்ன என்று கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இணையத்தில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுகிறேன். மேசையில் அனுமதிக்கும் மிகக் குறைந்த பணத்தோடுதான் உட்காருவேன். இதில் சௌகரியம் அதிகம். போனால் கொஞ்சம்தான் போகும். எதிரில் எவ்வளவு பெரிய பணக்காரன் இருந்தாலும் என்னிடம் இருப்பதற்கு மேல் பிடுங்க முடியாது. யோசனையும் குறைவு. நல்ல சீட்டு வந்தால் மொத்தத்தையும் தள்ளு, வராவிட்டால் கவிழ்த்துவிடு. பணம் இரட்டித்ததும் எழுந்து போய்விடலாம்.

குறைகளும் உண்டு. ஒரு முட்டாள் மலையளவு பணத்தோடு உட்கார்ந்திருந்தாலும், நான் வைத்த அளவுக்குத்தான் அவனிடமிருந்து அள்ள முடியும். முழுப் பணத்தோடு ஆடுகிறவர்கள் என் போன்றவர்களைக் கண்டாலே காறித் துப்புவார்கள். இன்னொரு குறையை நானே தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். விட்டுப் பிடிப்பது, பொறுத்திருந்து பார்ப்பது என்ற நடுவழி நாளடைவில் மறந்தே போய்விடுகிறது.

என் மனைவி தைசியாவின் அண்ணன் ஆர்கிப் எதிலும் முழுசாக இறங்குகிற ரகம். விருந்தில் எல்லார் முன்னாலும் என்னை எலி என்பான்.

"எலி வந்தாச்சு, வெள்ளரி ஊறுகாய ஒளிச்சு வைங்க. கொறிச்சிட்டு வளைக்குள்ள ஓடிரும்."

"ஓடுற எலிதான் உசுரோட இருக்கும் மச்சான்," என்பேன். தைசியாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குக் கோபம் இருந்தது, உங்களிடம் மறைக்கவில்லை.

மார்ச் மாத ஞாயிறு. உறைந்து கிடந்த வோல்கா நீர்த்தேக்கத்தில் பனி இளகத் தொடங்கியிருந்தது. மீன் பிடிக்கப் போனோம். ஆர்கிப் சொன்னபடி இருவர் இடுப்பையும் ஒரே கயிற்றால் பிணைத்துக்கொண்டோம்.

"ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் பிடிச்சுக்கணும், புரியுதா மாப்ள?"

முன்னால் போனவன் அவன். பனி உடைந்து தண்ணீருக்குள் போனான். கயிறு என்னைக் குப்புறத் தள்ளிக் கொஞ்ச தூரம் இழுத்தது. பிறகு என் பூட்ஸ் ஒரு பனித் திட்டில் மாட்டி, நான் அதற்கு மேல் நகராமல் கிடந்தேன். அவன் முழங்கைகளை விளிம்பில் ஊன்றியிருந்தான். கயிறுதான் அவனை நழுவாமல் வைத்திருந்தது.

"இழுக்க வேணாம் மாப்ள. சும்மா அப்படியே கெட. அவங்க வந்துட்டிருக்காங்க," என்றான். பற்கள் தந்தியடித்தன. மீனவர்கள் இரண்டு பேர் ஏணியைத் தள்ளிக்கொண்டு வருவதை நானும் பார்த்தேன்.

சும்மா கிடப்பது. அதுதான் எனக்கு வரவில்லை. போய் இழுப்பது, அல்லது விடுவது, இரண்டுதான் தோன்றியது. போகத் துணிச்சல் இல்லை. என் கைகளை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்க வழி தெரியாமல்.

கயிறு அறுந்தது என்று விசாரணையில் முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அது பொய். என் இடுப்பு முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. கையுறைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றி, தொலைந்துவிடக் கூடாதே என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அவிழ்த்தேன். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்... டேய், வேணாம்டா," என்றான்.

தைசியா உங்களிடம் கேட்பாள். அவள் அண்ணனை நான் கொல்லவில்லை, எனக்கு வந்த சீட்டு அப்படி என்று சொல்லுங்கள்.