மூன்றாவது பிரிண்ட்

அண்ணி: மூணாவதும் மஞ்சளாப் போச்சு! ஏய் குட்டி, இங்க ஓடி வா!

நாத்தனார்: போட்டோ பிரிண்ட் போடுற பேப்பர்ல வெள்ளிக் கரைசல் பூசிட்டிருக்கேன் அண்ணி... என்ன ஆச்சு?

அண்ணி: டீச்சரோட அம்மா படம். நரைச்ச முடி வெள்ளையா வரணும். பாரு, டீத்தண்ணியில முக்கின மாதிரி!

நாத்தனார்: ...ம்.

அண்ணி: என்ன 'ம்'மு? நாலு மணிக்கு வந்து நிப்பாங்க. அந்தம்மாவுக்கு வேற படமே கிடையாதாம்.

நாத்தனார்: படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ பழசோ?

அண்ணி: காலைலதான் கரைச்சேன்.

நாத்தனார்: கழுவினது...

அண்ணி: முழுசா ஒரு மணி நேரம்! உன்னை மாதிரி பாட்டுப் பாடிட்டுப் பாதியில விடுறவளா நான்?

நாத்தனார்: சரி, இதைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

அண்ணி: இதுவும் மஞ்சள்தான். எந்தப் பிரிண்ட்டோட ஓரம் இது?

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: சொல்லுடி!

நாத்தனார்: பிரிண்ட்டே இல்ல. வெறும் பேப்பர். முதல்ல தடவுற உப்புத்தண்ணிகூடப் படல. இப்பதான் கவரைப் பிரிச்சேன்.

அண்ணி: விளையாடாதே.

நாத்தனார்: சாமி சத்தியமா. பளிச்சுனு வெள்ளை.

அண்ணி: எனக்கு இதுவும் மஞ்சளாத்தானேடி தெரியுது!

நாத்தனார்: உட்காருங்க. எங்கம்மாவும் இப்படித்தான், துவைச்ச துணியெல்லாம் மஞ்சள்னு என்னைத் திட்டுவாங்க. கண்ணுல புரை. எடுத்ததும் சரியாயிடுச்சு.

அண்ணி: கடவுளே... அப்ப இத்தனை நாளா வெளிய போனதெல்லாம்? யாரும் ஒரு குறை சொல்லலையே!

நாத்தனார்: படம் பதிய வெயில்ல வச்ச பேப்பரை, வெள்ளை கறுக்குதுன்னு சீக்கிரமே எடுத்துடுறீங்க. ஹைப்போல போட்டதும் முகம் வெளிறிடுது. இந்த மூணும் அப்படித்தான். அதான்...

அண்ணி: அதான்?

நாத்தனார்: மத்தியானம் நீங்க கண் அசர்ற நேரத்துல... நான் மறுபடி போட்டு, கவர்ல மாத்தி வச்சிடுவேன்.

அண்ணி: எத்தனை நாளா?

நாத்தனார்: நாலு மாசமா. படத்துக்குக் கீழ கையெழுத்தும்... உங்களுது மாதிரியே போட்டேன்.

அண்ணி: அடிப்பாவி!

நாத்தனார்: மன்னிச்சிடுங்க அண்ணி. சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு...

அண்ணி: மங்கலாத் தெரியுதுன்னு எனக்கு ஆறு மாசமாத் தெரியும்டி. சொன்னா பிரஷ்ஷைப் பிடுங்கிடுவியோன்னு பயந்து வாயே திறக்கல... இந்தா, பென்சில். வெயில் இன்னும் இருக்கு. டீச்சர் படத்தை நீயே போடு. கீழ உன் பேரை எழுது.