அரைச் சுற்று

நான் தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை. நீங்கள் போட்டுவிட்டீர்கள், பரவாயில்லை ஐயா, குடித்துவிட்டேன். அடுத்தவர் வேலையில் குறை சொல்வது என் வழக்கம் இல்லை.

அட்டை ஆலையில் முப்பத்தோரு வருடம் எலெக்ட்ரீஷியன். நான் பக்கத்தில் நின்று தும்மினால் மோட்டார்கள் வேகத்தைக் குறைத்து மரியாதை காட்டும். இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். ஓய்வு கொடுத்தபோது என் நாற்காலியில் மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். என் ஒரே மகளின் கணவர், தங்கமான பையன். இரண்டு மாதம் ஒரு சந்தேகம் கேட்டுக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

மோட்டாரின் வேகத்தை ஆளும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். அது ஓயாமல் மின் இரைச்சல் கிளப்பும். நம் காதுக்குக் கேட்காது. பக்கத்தில் ஓடும் மெல்லிய ஒயர்களுக்குக் கேட்கும். அதனால்தான் மோட்டார் கேபிளுக்குக் கம்பி வலை போர்த்தி, வலையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி எர்த் செய்கிறோம். அந்தக் கிளாம்பை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். இரைச்சல் மெல்லிய ஒயரில் ஏறி, ஆபத்தில் நிறுத்த இழுக்கும் கயிற்றை யாரோ இழுத்துவிட்டதாக நினைத்து, அட்டை போகும் பெல்ட் நின்றுவிடும்.

மறந்துவிட்ட செருப்பை எடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போய்த் தளர்த்தினேன். மறுநாளே போன் வந்தது.

"மாமா, பெல்ட் சும்மா சும்மா நிக்குது. ஒண்ணும் புரியல. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"பேய் பிடிச்சிருக்கும் மாப்ள. வர்றேன்."

போய், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பெட்டியில் காது வைத்துக் கேட்டு, இறுக்கினேன். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். கிளம்பும்முன் வேறொரு கிளாம்பைத் தளர்த்தினேன். இப்படிப் பதினொரு முறை.

பன்னிரண்டாவது முறை மாப்பிள்ளை கூப்பிடவில்லை. "மாமனார் வந்தாத்தான் உனக்கு பல்பு மாட்டக்கூட வருமா?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். பெல்ட்டை ஓடவிட்டே கோளாறைத் தேட, கயிற்று ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டார். இனி கயிற்றை இழுத்தாலும் பெல்ட் நிற்காது. அன்று காலை அழைக்காமலே போயிருந்தேன். அந்த ஒயரைப் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்டால், பெல்ட் ஏன் நின்றது என்பதும் பேச்சில் வரும். தவிர, அடுத்தவர் வேலையில் குறை சொல்வதில்லை என்றேனே.

மதியம் ஓடும் பெல்ட்டுக்கு அடியில், மோட்டார் பக்கம் குனிந்திருக்கிறார். சட்டை உருளையில் சிக்கியது. பக்கத்தில் நின்றவர்கள் ஆறு முறை கயிற்றை இழுத்தார்களாம். நான் தளர்த்திய கிளாம்ப் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

காரியம் முடிந்து, மகள் அழுது முடித்தபின் சொன்னாள்: "இனிமே எல்லாத்தையும் நானே பாத்துக்கறேம்பா. நீங்க அலைய வேண்டாம்."

அது அவளுக்குச் சரிப்படாது. போன வாரம் அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சுப் பெட்டியில் ஒரு ஒயரின் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு வந்தேன். இந்நேரம் நின்றிருக்கும். கூப்பிடுவாள் ஐயா. அந்த மேசையில் இருக்கும் என் போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.