ஆறு ஆட்டுக்கு இடமில்லாத கூட்டமைப்பு

“...இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். ஆட்டுக்குக் கூட்டம் போட்ட ஆபீசு இந்த ஜில்லாவுல வேற எங்கனயாச்சும் இருக்கா? காலையில ஒக்காந்தவுக, நீங்க பையத் தூக்கிட்டுக் கெளம்புனப்பதான் எந்திரிச்சாக. மனுசருக்குக்கூட இம்புட்டு நேரம் பேசுனதில்லக்கா.”

சொல்லிக்கொண்டே ராக்கு முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறி, பூமயிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூமயில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையை உடைத்தது அவள் புருசன் வீரையா. உடைந்த கையோடு தப்பி வந்து நாலு நாள்தான் ஆகிறது. இப்போது அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். வீரையாவுக்காக இல்லை. அவளுடைய ஆறு வெள்ளாடு அங்கே நிற்கிறது. அவள் வராவிட்டால் நாளைக்குச் சந்தையில் கறிக்குத் தள்ளிவிடுவதாக ஆள் விட்டுச் சொல்லியிருந்தான்.

டிரைவர் டீக்கடையில் நின்றார். அவர் கிளாஸைக் கீழே வைக்கிற வரைக்கும்தான் ராக்குவுக்கு நேரம். அந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம், ‘போகாதீங்க’ என்பதைத் தவிர.

அது ஆபீஸில் போட்டிருந்த சட்டம். சேதுலட்சுமி அக்காதான் அந்த ஆபீஸை நடத்துகிறவள். ராக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். இங்கே வருகிற பொம்பளைகள் இத்தனை வருசமாக ஒரு ஆம்பளை வாயிலிருந்து செய், செய்யாதே, போ, போகாதே என்று கேட்டுக் கேட்டுத்தான் ஓய்ந்து வருகிறார்கள், இரண்டாவதாக நாமும் தொடங்க வேண்டாம், என்ன வேண்டும் என்று மட்டும் கேள், கூடப் போய் உட்கார். ராக்குவுக்கு அதில் சம்மதமே இல்லை. கிணற்றுக்குள் இறங்குகிறவளிடம் நின்று நிதானமாக என்ன வேண்டும் என்றா கேட்பார்கள். ஆனாலும் சம்பளம் தருகிறவள் சொல்கிறாள். பதினேழு வயதில், பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயிலாகி, மறுபடி எழுத மாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்.

அதனால் ஆபீஸைப் பற்றிப் புலம்பினாள்.

பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு என்று பெயர்தான் பெரிசு. உப்பூரில் ஒரு சங்கம், அவர்களிடம் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் தங்கவைக்க வீடு இருக்கிறது, வண்டி கிடையாது. முதுகுளத்தூரில் சண்முகவள்ளி அக்காவின் சங்கம், அந்த அக்கா ஸ்டேஷனுக்குப் போனால் ஏட்டையா நாற்காலியை எடுத்துப் போடுவார், ஆனால் அங்கே வீடு கிடையாது. சாயல்குடிச் சங்கத்திடம் ஒரு வேன், அதற்கு டீசல் கிடையாது. முன்னே ஆளாளுக்குத் தனித்தனியாக ஓடியிருக்கிறார்கள். அடிபட்டவள் ஒரு சங்கத்துக்குப் போனால் வீடு இல்லை என்பார்கள், இன்னொன்றுக்குப் போனால் வக்கீல் இல்லை என்பார்கள், அவள் நடந்தே களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். குடும்ப வன்முறைச் சட்டம் என்று புதுசாக வந்த பிறகு, உன்னிடம் இருப்பதை நீ கொடு, என்னிடம் இருப்பதை நான் தருகிறேன் என்று ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்ததெல்லாம் சரி. எல்லாருக்கும் போன் எடுக்கிறது ராக்கு.

“அதுலயும் பாருங்கக்கா, மாசத்துக்கு ஒருக்கா சங்கத்துக்காரவுக எல்லாம் வந்து ஒக்காந்து அழுகுறாக. சண்முகவள்ளியக்காவே அழுகும். ஊருப் பொம்பளைக கதையக் கேட்டுக் கேட்டு அதுக்கு ஒறக்கம் வரலையாம். அழுகுறவுகளுக்கு ஒரு கூட்டம், அழுகையக் கேக்குறவுகளுக்கு ஒரு கூட்டம். ரெண்டுக்கும் டீ நாந்தான்.”

பூமயில் சிரிக்கவில்லை. பையின் காதை வலது கையில் சுற்றிக்கொண்டாள். டீக்கடையில் டிரைவர் கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ராக்குவின் பேச்சு காலையில் நடந்த கூட்டத்துக்கு வந்தது. அதில் பூமயிலும் உட்கார்ந்திருந்தாள்தான், ஆனால் ராக்குவுக்கு அதையும் சொல்லியாக வேண்டும். சேதுலட்சுமி அக்கா வழக்கம்போல என்ன வேணும் என்று கேட்டாள். பூமயில் ‘ஆடு’ என்றாள். கூட்டமைப்பில் டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட ஆள் இருக்கிறது. ஆட்டுக்கு யார் இருக்கிறார்கள். உப்பூர் வீட்டுக்காரர் மாடியில் கோழிகூட விட மாட்டார். வக்கீல் சதக், ஆடுகள் தாய்வீட்டிலிருந்து வந்தவை, சட்டப்படி அவளுக்கே சேரும், கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம் என்றார். உத்தரவு ஆட்டை மேய்க்குமா என்று சண்முகவள்ளி கேட்டாள். அவள் கணக்கு வேறு. ஆறுக்கும் இடது காதில் தாய்வீட்டு அடையாள வெட்டு இருக்கிறது, போலீஸ்கார அம்மா ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனால் ஊரே பார்க்கப் பிரித்து ஓட்டிவந்துவிடலாம். ஓட்டிவந்து எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாரும் நின்றார்கள்.

அப்போதுதான் சதக் வாயை விட்டார். வீரையா விற்பதற்கு முன்னால் நாமே விற்று, பணத்தைப் பூமயில் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்றார். பூமயில் எழுந்தாள். பையை எடுத்தாள். ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

“வக்கீலு நல்ல மனுசருதான். வாப்பா காலத்துல இருந்து அவுக வீட்டுல ஆட்டைக் கந்தூரி விருந்துக்குத்தான் பாத்திருப்பாக. அவுக வித்தா என்ன, ஒங்க வீட்டுக்காரரு வித்தா என்ன, கறிக்கடைக்காரன் ஒரே ஆளுதான. அதை நாஞ் சொன்னா, நீ டீயை ஊத்துன்னு சொல்லுவாக.”

டிரைவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் காசைத் தேடினார்.

நேரம் போகிறதே என்று ராக்கு, சொல்லக்கூடாது என்று வைத்திருந்த கதையைச் சொன்னாள். போன மழைக்காலத்தில் சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு பொம்பளை வந்தாள். அவளுக்கு மாடு. பால் கறக்க ஆளில்லை, மடி கட்டிக்கொள்ளும் என்று மூன்றாம் நாளே திரும்பிப் போனாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ராக்குவும் இதே மாதிரி பஸ்ஸில் கூட உட்கார்ந்திருந்தாள், சட்டப்படி. அடுத்து அவளைப் பார்த்தது பெரியாஸ்பத்திரியில். முதுகிலிருந்து இடுப்பு வரைக்கும் வெந்திருந்தது.

“மாடு நல்லா இருக்கு” என்றாள் ராக்கு.

பூமயில் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், வழி ராக்குவிடமே இருந்தது. அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது. கூட்டத்தில் ‘எங்கே கட்டுவது’ என்று எல்லாரும் முகட்டைப் பார்த்தபோது அவளுக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. வாயைத் திறக்காமல் டீயை ஊற்றினாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆடு மேய்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடிப்பாள். குட்டி போடுகிற மாசங்களில் பள்ளிக்கூடமே கிடையாது. அதனால்தான் பெயில் என்று ஊருக்குச் சொன்னாள். ஆடு இல்லாவிட்டாலும் பெயிலாகத்தான் போயிருப்பாள், அது அவளுக்கே தெரியும். அம்மா கடைசி ஆட்டை விற்ற அன்று தலைக்குக் குளித்து, இனி இந்த ஜென்மத்தில் கம்பு எடுத்து ஆட்டுக்குப் பின்னால் போவதில்லை என்று சொல்லிக்கொண்டாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கியவள், வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர், எறங்குறவுக எறங்குங்க என்று தகரத்தைத் தட்டினார். இஞ்சின் இருமிப் பிடித்தது.

“வாரத்துக்கு விடுறீகளா?” என்றாள் ராக்கு.

பூமயில் திரும்பினாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறாள்.

“எங்க அம்மாகிட்ட. ஆடு ஒங்க ஆடுதான். மேச்ச கூலிக்குப் பொறக்குற குட்டியில பாதி எங்களுக்கு, பாதி ஒங்களுக்கு. ஊருல எல்லாரும் விடுற மாதிரித்தான், நாங்க ஒண்ணும் சும்மா பாக்கல. கொட்டகை இருக்கு. சண்முகவள்ளியக்காவும் போலீஸ்காரம்மாவும் போயி இன்னைக்கே பிரிச்சு ஓட்டிருவாக, சாயல்குடி வேன் இருக்கு, டீசலு சேதுலட்சுமியக்கா போடட்டும்... என்ன? தண்ணியா? கெணறு இருக்கு, கொஞ்சம் உப்பு, ஆடு குடிக்கும். மேவா? எங்க ஊருல வேற என்ன இருக்கு, கருவேல நெத்துதான், தின்னுட்டுக் கெடக்கட்டும். யாரு மேய்க்கவா? நாந்தான். வேற யாரு. வேலைக்கு வரதுக்கு முன்னாடி காலையில ஒருக்கா, வேல முடிஞ்சு போயி ஒருக்கா.”

தன் வாயாலேயே சொல்லிவிட்ட ஆத்திரம் அவளுக்குத் தாங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடுகளைத் திட்டத் தொடங்கினாள். ஆடு என்றால் சாமானியமா. கண்ட செடியைக் கடிக்கும், கட்டினால் கயிற்றைக் கடிக்கும், சமூக அறிவியல் புத்தகத்தில் பாதியைத் தின்ற ஆடு ஒன்று இருந்தது. அடுத்த வீட்டு முருங்கையைத் தொட்டுவிட்டால் சண்டைக்கு இவள் போக வேண்டும். மழை என்றால் மேயாது, வெயில் என்றால் நகராது. இதற்குக் கணக்கையே மறுபடி எழுதியிருக்கலாம். நடுவில் முழங்காலில் ஒரு பை இடித்தது, பார்க்காமலே காலை ஒதுக்கிக்கொண்டு சொல்லிக்கொண்டே போய், அடுத்ததைச் சொல்லத் திரும்பினாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

பஸ் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பூமயில் கீழே, ஜன்னலுக்கு நேராக, பையோடு நின்றாள். பஸ் திரும்புகையில் கூடவே நாலு எட்டு நடந்தாள்.

“செவலை ஆடு சென” என்றாள் பூமயில். “ஓட்டாத. தூக்கி ஏத்து.”

ராக்கு எழுந்திருக்கப் போனாள். அதற்குள் பஸ் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்டது. தலையை வெளியே நீட்டி, எத்தனை மாசம் என்று கத்தினாள். பூமயில் பையைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த ஆபீஸ் பக்கமாக ரோட்டைக் கடந்தாள்.

கண்டக்டர் வந்து நின்றார். ராக்கு முதுகுளத்தூருக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். இனி இறங்கி என்ன செய்ய, ஆபீஸில் பூமயிலே சொல்லிக்கொள்வாள். சண்முகவள்ளி அக்கா வேனோடு வந்து எல்லாம் செய்வாள், ஆனால் சினை ஆட்டை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று தெரியாது.

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தார். ராக்கு அவர் பக்கம் திரும்பினாள்.

“நாலு மாசச் செனையாம்யா. இதக் கூட்டத்துலயே சொல்ல வேணாமா?”